விரலைப் பாருங்கள்

போன வருடம் சென்னையில் ஒரு கவிதைத் தொகுப்பின் வெளியீட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தொகுப்பில் நோய் பற்றிய கவிதைகள் சில இருந்தன. பேச வந்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். “ஆட்டோ இம்யூன் நோய்கள் ஏன் பெண்களுக்கே அதிகம் வருகின்றன? காலங்காலமாக வெளியே காட்ட முடியாத கோபம் உள்ளே திரும்புகிறது. உடல் தன்னையே தின்னத் தொடங்குகிறது” என்றார். நல்ல கைதட்டல். பக்கத்தில் இருந்த நண்பர் ‘தன்னையே தின்னும் உடல்’ என்று போனில் குறித்துக்கொண்டார்.

நான் கைதட்டவில்லை. என் சித்தியின் வலது கை ஆள்காட்டி விரல் ஞாபகத்துக்கு வந்தது. அந்த விரலில் மேல் கணு கிடையாது.

அந்தக் கணுவைக் கொண்டுபோனது கோபம் இல்லை. ஒரு மில்லிமீட்டர் அளவே விட்டமுள்ள ரத்தக்குழாய் ஒன்று அடைத்துப்போனது. அடைபடப் போகிறது என்று நாலு வருடமாக அந்த விரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் விரலை விட்டுவிட்டு அவர் மனசைப் பார்த்தார்கள். இந்தக் கட்டுரை ‘உடல் தன்னையே தாக்குகிறது’ என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. அதை எழுதுகிறவர்களுக்கும் கைதட்டுகிறவர்களுக்கும் எதிரானது. ஒரு காலத்தில் நானும் அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருந்தேன்.

*

சித்தி தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் வேலை பார்த்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐஸ் தண்ணீரில் கை வைத்து இறால் உரிக்கிற வேலை. 2015 மார்கழியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, “ஏலே, இங்க பாரேன். சாம்பல் பூத்த மாதிரி ஆவுது” என்று கையை நீட்டினார். அப்போது அவருக்கு 38 வயது. மூன்று விரல்கள் நடுக்கணு வரைக்கும் வெளிறியிருந்தன. கோடு கிழித்தது போல ஓர் எல்லை. கொஞ்ச நேரத்தில் நீலம் பாய்ந்தது, அப்புறம் சிவந்து எரிந்தது.

இன்ஜினியரிங் படித்த அக்கா மகன் என்ன சொன்னான்? “ஐஸ்ல வேலை பாக்குறீங்கல்ல சித்தி, அப்படித்தான் இருக்கும்.” சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

கம்பெனியிலும் அதையேதான் சொன்னார்கள். எல்லாருக்கும்தான் கை மரத்துப் போகுது, உனக்கு மட்டும் என்ன புதுசா? அடுத்து ஒருவர் ரத்தம் கம்மி என்றார், இரும்புச்சத்து மாத்திரை. இன்னொருவர் நரம்புத் தளர்ச்சி என்றார், வைட்டமின் ஊசி. 2017இல் சித்தப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் எல்லோருக்கும் பதில் சுலபமாகிவிட்டது. விரல் வெளுக்கிறதா? கவலை. நெஞ்செரிச்சலா? கவலை. காலையில் விரல்கள் வீங்கி மோதிரம் கழல மாட்டேன் என்கிறதா? அதுவும் கவலை. “மனசுல எதையும் போட்டு வச்சுக்காதீங்கம்மா” என்று சொன்ன ஒரு கிளினிக்கில், படபடப்புக்கு என்று ப்ரோப்ரனலால் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த மாத்திரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரோப்ரனலால் பீட்டா பிளாக்கர் வகை. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும், பதற்றத்தில் வரும் நடுக்கத்தைக் குறைக்கும். அதே மாத்திரை விரல் நுனிக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கக்கூடும் என்பதும், குளிரில் விரல் வெளுக்கிறவர்களுக்கு இதைக் கொடுக்கும்போது கவனம் வேண்டும் என்பதும் மருத்துவப் பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். ‘மனசுதான் காரணம்’ என்பது வெறும் ஆறுதல் வார்த்தையாக நிற்கவில்லை. அது ஒரு மருந்துச்சீட்டாக மாறி, அந்தச் சீட்டு நேராக விரலுக்குப் போனது.

2019இல் நகத்தோரம் ஒரு புண். நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகினார்கள். மூன்று வாரத்தில் நுனி கறுத்தது. கடைசியாகப் போய்ச் சேர்ந்த மூட்டு வாதவியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “குளிர்ல விரல் கலர் மாறுமாம்மா?” நாலு வருடத்தில் அந்தக் கேள்வியை ஒரு மருத்துவர் கேட்டது அதுதான் முதல் முறை.

*

குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, சிவப்பதை முறையாக எழுதிவைத்தவர் மொரீஸ் ரேனோ. பாரீஸில் 1862இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு அது. அவர் பெயரால் இன்று ‘ரேனோ’ என்கிறோம். நரம்புகள் மிகையாகக் கிளர்ச்சியடைந்து குழாய்களைச் சுருக்குகின்றன என்பது அவர் கருத்து. 1929 வாக்கில் லண்டனில் தாமஸ் லூயிஸ் செய்த சோதனைகள், கோளாறு விரலின் குழாய்களிலேயே இருக்கிறது என்று காட்டின. நரம்பிலிருந்து குழாய்க்கு வர மருத்துவத்துக்கு அறுபது, எழுபது வருடம் ஆனது. தூத்துக்குடியில் 2016இல் போட்ட ‘நரம்புத் தளர்ச்சி’ ஊசி இன்னும் 1862இலேயே நின்றுகொண்டிருந்தது.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இதைப் படிக்கிற பாதிப் பேர் தங்கள் விரலைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார்கள். ரேனோ உள்ள பெரும்பாலானவர்களுக்கு வேறு எந்த நோயும் இல்லை. இளவயதில் தொடங்கி, இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வந்து, புண் எதுவும் இல்லாமல் போகிற ரேனோ பெரும்பாலும் வெறும் ரேனோதான். கையுறை போட்டால் போதும். இன்னொரு வகைதான் சிக்கல். அது இணைப்புத் திசு நோய்களின் முன்னறிவிப்பு. ஸ்க்ளெரோடெர்மா உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரேனோ உண்டு. பலருக்கு மற்ற அறிகுறிகளுக்கு வருடக்கணக்கில் முன்பே அது வந்துவிடும். லூபஸில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்டு.

இந்த இரண்டு வகையையும் பிரித்துச் சொல்ல முடியும் என்பதுதான் விஷயம். அதற்குக் கவிதை தேவையில்லை. நகக்கண்ணும் கொஞ்சம் ரத்தமும் போதும். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த வாக்கியத்தை முடித்துவிடுவோம்.

*

தமிழில் ஆட்டோ இம்யூன் நோய்க்கு ‘தன்னுடல் தாக்குநோய்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆன்டிபாடிக்கு ‘எதிர்ப்பொருள்’ என்று பள்ளியில் படித்தோம். கலைச்சொல் ஆர்வலர்கள் ‘பிறபொருளெதிரி’ என்பார்கள். பிற பொருளுக்கு எதிரி. அப்படியானால் தன் உடலின் பொருளோடு ஒட்டிக்கொள்ளும் ஆட்டோ ஆன்டிபாடி? ‘தன் பிறபொருளெதிரி’! தானும் பிறவும் ஒரே சொல்லுக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சிரிப்பு வருகிறது, ஆனால் தவறு தமிழுடையது மட்டுமில்லை. மூலத்திலேயே இருந்தது.

1901 வாக்கில் பால் எர்லிக், உடல் தனக்கே நஞ்சாவதை அஞ்சித் தவிர்க்கிறது என்ற பொருளில் ‘ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்’ என்று ஒரு தொடரை உருவாக்கினார். ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்தினால் அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாயின. ஆட்டின் சொந்த ரத்தத்துக்கு எதிராக உருவாகவில்லை. எர்லிக் சொன்னது நுட்பமான விஷயம்: அப்படிப்பட்ட ஆன்டிபாடி கெடுதல் செய்யாமல் தடுக்கிற ஏற்பாடு உடலில் இருக்க வேண்டும் என்றார். ஆனால் நிலைத்தது அந்த நுட்பம் இல்லை. ‘ஹாரர்’ என்ற சொல்தான் நிலைத்தது. தன்னை எதிர்க்கும் ஆன்டிபாடி இருக்கவே முடியாது என்று ஒரு தலைமுறை எடுத்துக்கொண்டது. 1904லேயே டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிரில் போனால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் சிவக்கும் ஒரு நோய்க்குக் காரணம் நோயாளியின் சொந்த ஆன்டிபாடியே என்று காட்டிவிட்டார்கள். அப்படியும் கருத்து பரவலாக மாற 1950கள் வரை ஆனது. ஒரு நல்ல சொற்றொடர் அரை நூற்றாண்டை விழுங்கும்.

பின்பு ஊசல் மறுபக்கம் போனது. மக்ஃபார்லேன் பர்னெட் ‘தான்’, ‘தான் அல்லாதது’ என்று நோயெதிர்ப்பியலைத் தத்துவ மொழியில் எழுதினார். முடியாது என்று சொன்ன அதே நாடகம் இப்போது முடியும் என்று அரங்கேறியது. தன்னைத் தாக்கும் தான். இலக்கியவாதிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

*

சரி, உண்மையில் என்னதான் நடக்கிறது? மூன்று இடத்தைப் பார்ப்போம்.

லூபஸ். இறந்த செல்களிலிருந்து வெளிவரும் டிஎன்ஏ போன்ற பொருட்களோடு ஆன்டிபாடிகள் ஒட்டிக்கொண்டு சிறு கட்டிகளாகச் சேர்கின்றன. அவை ரத்தத்தில் மிதந்து போய்ச் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியிலும் குழாய்ச் சுவர்களிலும் படிகின்றன. படிந்த இடத்தில் அழற்சி கிளம்புகிறது. யாரும் சிறுநீரகத்தைக் குறிவைக்கவில்லை. அள்ளப்படாத குப்பை வாய்க்காலை அடைக்கிறது.

ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் நோய். இங்கே ஆன்டிபாடிகள் முக்கியமாக ரத்தத்தில் உள்ள பீட்டா 2 கிளைகோபுரோட்டீன் என்ற புரதத்தோடு ஒட்டுகின்றன. அதனால் குழாயின் உட்சுவரும் தட்டணுக்களும் தூண்டப்பட்டு, ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிறது. கால் நரம்பில், மூளையில், நஞ்சுக்கொடியில். இதே ஆன்டிபாடி சோதனைக் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்! அதனால் 1972இல் ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ என்று பெயர் வைத்தார்கள். இருக்கிறவர்களில் பலருக்கு லூபஸ் கிடையாது. உடலுக்குள் அது உறைதலைத் தடுக்கவும் இல்லை, உண்டாக்குகிறது. பெயரின் இரண்டு பாதியும் தப்பு. இந்த நோயின் ஒரு முகம் திரும்பத் திரும்பக் கலையும் கரு. நம் ஊரில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்னென்ன பெயர் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். கர்ப்பப்பை சூடு, தோஷம், ராசியில்லாதவள். ஒரு ரத்தப் பரிசோதனை, 12 வாரம் கழித்து அதே பரிசோதனை இன்னொரு முறை. உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும். எத்தனையோ பேர் இப்படிக் குழந்தை பெற்றிருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் போய் ‘உன் உடல் உன் குழந்தையைத் தாக்கியது’ என்று சொல்ல எந்த மேடைப் பேச்சாளருக்குத் தைரியம் இருக்கிறது?

மூன்றாவது, சித்தியினுடையது. ஸ்க்ளெரோடெர்மா. அவர் ரத்தத்தில் இருந்தது ஆன்டி சென்ட்ரோமியர். செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிடித்து இழுக்கிற இடத்தோடு ஒட்டும் ஆன்டிபாடி. அந்த இடம் செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. பொதுவாக ஆன்டிபாடிகள் உயிருள்ள செல்லுக்குள் போவதில்லை. ஆக இது ஒரு அடையாளம், ஒரு முத்திரை. வில்லன் என்று சொல்ல ஆதாரமில்லை. விரலில் நடப்பது வேறு: குழாயின் உட்சுவர் சேதப்பட்டு, உள்ளடுக்கு தடித்து, வழி குறுகுகிறது. ஏற்கனவே குறுகிய வழி குளிரில் முழுக்க மூடிக்கொள்கிறது.

மூன்று வெவ்வேறு கோளாறுகள். மூன்றுக்கும் நாம் வைத்திருப்பது ஒரே வாக்கியம். ஆபீஸில் ஒரு சர்வர் விழுந்தால் காரண அறிக்கை எழுத வேண்டும். ‘சிஸ்டம் தன்னையே தாக்கிக்கொண்டது’ என்று எழுதிக் கொடுத்தால் மேனேஜர் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். எந்தப் பாகம், எந்த நேரம், எதனால்? மனுஷ உடம்புக்கு அந்தக் குறைந்தபட்ச மரியாதைகூடக் கிடையாதா?

உவமை தப்பாக இருந்தால் என்ன, உயிரா போய்விடும் என்று கேட்கலாம். போகும். ஸ்க்ளெரோடெர்மாவில் சிலருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் எகிறிச் சிறுநீரகம் செயலிழக்கும். ‘தாக்குதல்’ என்று நினைத்தால் கை தானாக ஸ்டீராய்டுக்குப் போகும். ஆனால் இந்த நோயில் அதிக அளவு ஸ்டீராய்டு அந்தச் சிறுநீரக ஆபத்தையே கூட்டுகிறது. நிலைமையை மாற்றியது சாதாரணமான ரத்த அழுத்த மாத்திரை, கேப்டோப்ரில் வகை. சிறுநீரகக் குழாய்கள் குறுகி அங்கிருந்து கிளம்பும் ரெனின் சுழற்சியை அது தடுக்கிறது. 1990இல் வெளிவந்த ஆய்வில், இந்த மாத்திரை கிடைக்காதவர்களில் ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 15 சதவீதம். கிடைத்தவர்களில் 76 சதவீதம். காப்பாற்றியது போரை நிறுத்திய மருந்து இல்லை, குழாயைத் திறந்த மருந்து.

*

இப்போது கோபத்துக்கு வருவோம். பெண்களுக்கு அதிகம் என்பது உண்மை. லூபஸ் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஸ்க்ளெரோடெர்மாவிலும் பெண்களே பல மடங்கு. ஆனால் 2008இல் வந்த ஒரு ஆய்வைப் பாருங்கள். சில ஆண்கள் வழக்கமான ஒரு எக்ஸ், ஒரு ஒய் குரோமோசோமுக்குப் பதில் இரண்டு எக்ஸ், ஒரு ஒய்யோடு பிறக்கிறார்கள். அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு. அதாவது பெண்களுக்கு உள்ள வாய்ப்புக்குப் பக்கத்தில். ஆணாக வளர்ந்து, ஆணாக வாழ்கிறவர்கள். இவர்கள் எந்தக் கோபத்தை எந்த அடுப்படியில் அடக்கினார்கள்? 2024இல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று, இரண்டாவது எக்ஸை மௌனமாக்குகிற மூலக்கூறுத் தொகுதியே ஆட்டோ ஆன்டிபாடிகளைத் தூண்டக்கூடும் என்று எலிகளில் காட்டியது. கதை முடியவில்லை. ஆனால் கதை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிகிறது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மன அழுத்தம் ரேனோவைத் தூண்டும். சித்தப்பா காரியத்தன்று வெயில் கொளுத்தும் வாசலில் சித்தியின் விரல்கள் வெளுத்ததை நானே பார்த்தேன். கடுமையான மன அதிர்ச்சிக்கும் லூபஸ் வாய்ப்புக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகளும் உண்டு. இருக்கட்டும். தூண்டுவது வேறு, காரணம் வேறு. சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனால் வயரிங்கைத்தான் பார்ப்போம், சுவிட்ச் போட்ட விரலைத் திட்ட மாட்டோம். ஆயிரம் பேரில் தெரியும் ஒரு தொடர்பை எடுத்து ஒரே ஒரு பெண்ணின் முன்னால் வைத்து ‘நீ சந்தோஷமாக இல்லை, அதனால்தான்’ என்று சொல்வது அறிவியலும் இல்லை, பெண்ணியமும் இல்லை. பெண்ணியத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்த பழைய மாமியார் அது. அடக்கப்பட்ட பெண் என்று இரக்கப்பட்டுக்கொண்டே நோய்க்கான பொறுப்பை அவள் மடியிலேயே போடுகிறது. விதவையானதால் வந்த கவலை என்று கிளினிக் சொன்னதும், அடக்கிய கோபம் என்று மேடை சொன்னதும் ஒரே வாக்கியத்தின் இரண்டு மொழிபெயர்ப்புகள்.

இதன் மலிவுப் பதிப்பு நம் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் கஷாயம், பொடி, லேகியம். எதிர்ப்பு சக்தி என்பது பேங்க் பேலன்ஸ் மாதிரி ஏற ஏற நல்லது என்று நம்ப வைத்திருக்கிறார்கள். லூபஸ் உள்ள ஒரு பெண்ணுக்கு அதை வாங்கிக் கொடுக்கும் அண்ணன்களை எனக்குத் தெரியும். போர் உவமையின் கடைசி வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

*

‘இலக்கியம் உவமையில்தானே வாழ்கிறது, இதென்ன இன்ஜினியர் புத்தி’ என்று கேட்பீர்கள். சூசன் சொன்டாக் 1978லேயே நோயை உருவகமாக்காதீர்கள் என்று புத்தகமே எழுதினார், அவர் இன்ஜினியர் இல்லை. ஆனால் நான் வேறு இரண்டு பேரைக் கூப்பிடுகிறேன்.

ஃபிளானரி ஓ’கானர். லூபஸில் அவர் அப்பா இறந்தபோது அவருக்கு 15 வயது. 25 வயதில் அவருக்கே வந்தது. மூட்டுவாதம் என்று சொல்லி வைத்திருந்தார்கள், உண்மைப் பெயர் அவருக்குத் தெரிந்தது 1952இல்தான். 1964இல் 39 வயதில் இறக்கும் வரை ஜார்ஜியாவில் அம்மாவின் பண்ணையில் மயில் வளர்த்துக்கொண்டு, ஊன்றுகோல்களோடு, எழுதிக்கொண்டே இருந்தார். வன்முறையும் அருளும் நிறைந்த அந்தக் கதைகளை லூபஸின் கண்ணாடி வழியே படிக்கிறவர்கள் உண்டு. கதைகள் அதற்கெல்லாம் அசைந்துகொடுப்பதில்லை. நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நேரத்தையும் நடையையும். கதையைக் கொடுத்தது அவர்.

பால் க்ளே. கடைசி வருடங்களில் அவருக்கு இருந்தது ஸ்க்ளெரோடெர்மாதான் என்று இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. உணவை விழுங்கவே கஷ்டப்பட்டவர். இறப்பதற்கு முந்தைய வருடமான 1939இல் மட்டும் 1200க்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்தார். தன்னையே தின்னும் உடல் என்று அவரைப் பற்றி எழுதுவது எளிது. தினமும் மூன்றுக்கும் மேற்பட்ட படங்கள் போட்டவன் என்று எழுதினால் அதுவே போதும், உவமை தேவைப்படாது.

நான் கேட்பது இதுதான்: சொற்கள் டாக்டருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. சித்திக்கு ஆன்டி சென்ட்ரோமியர் என்ற சொல் போய்ச் சேர நாலு வருடம் ஆனது. ‘மனசு’ என்ற சொல் முதல் வாரமே போய்ச் சேர்ந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கதை எழுதுகிறவர்களுக்கும் வசனம் எழுதுகிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

*

நகக்கண்ணுக்கு வருகிறேன் என்று சொன்னேன்.

நகத்தின் அடியில், தோல் தொடங்கும் விளிம்பில், ரத்த நுண்குழாய்கள் ஊசியில் கோத்த நூல் போல வளைந்து வரிசையாக நிற்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் டெர்மாஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். கண் பார்க்கும் ஆஃப்தல்மாஸ்கோப்பிலும் ஓரளவு பார்க்கலாம். சாதாரணக் கையில் மில்லிமீட்டருக்கு ஏழுக்குக் குறையாமல் இருக்கும். ஸ்க்ளெரோடெர்மாவில் சில குழாய்கள் பூதாகாரமாக வீங்கும், சில இடங்களில் ரத்தக் கசிவு, அப்புறம் குழாயே இல்லாத வெற்றிடங்கள். உடம்பின் உள்ளே நடப்பதை வெட்டாமல் குத்தாமல் பார்க்கக் கிடைத்த ஜன்னல் அது. கறுத்த தோலில் தெளிவு கொஞ்சம் குறையும், இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கறுத்த தோலுக்கு இன்னொரு பாடமும் உண்டு. இணையத்தில் ரேனோ என்று தேடினால் வருவது பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைகள், மெழுகு போல வெளுத்தவை. நம் விரலில் அது சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும். சித்தி சரியாகத்தான் சொன்னார். எந்தப் பாடப்புத்தகத்தையும்விடச் சரியாக.

அடுத்தது ரத்தம். ஏஎன்ஏ என்கிற பரிசோதனை. நோயாளியின் ரத்தநீரை ஹெப் 2 என்ற செல்களின் மேல் விட்டு, எந்த ஆன்டிபாடி எங்கே ஒட்டி ஒளிர்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்தச் செல்கள் உண்மையில் ஹெலா செல்களின் கலப்பு என்று பின்னால் தெரியவந்தது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலேயே எடுக்கப்பட்ட செல்கள். அவை பிரிந்துகொண்டே இருப்பதால்தான் சென்ட்ரோமியர் ஆன்டிபாடியையே 1980இல் கண்டுபிடிக்க முடிந்தது. கேட்கப்படாத ஒரு பெண்ணின் செல்களில்தான் கேட்கப்படாத இன்னொரு பெண்ணின் நோய் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. பரிசோதனையே அப்படித்தான் நடக்கிறது.

ஆனால் இந்தப் பரிசோதனையைக் கண்டபடி செய்யவும் கூடாது. 1997இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து பார்த்ததில், 40 மடங்கு நீர்த்த அளவில் ஆரோக்கியமானவர்களிலேயே 30 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ். 160 மடங்கில் 5 சதவீதம். தள்ளுபடி விலை பேக்கேஜில் ஏஎன்ஏவைச் சேர்த்து விற்கிறவர்கள் விற்பது பயத்தை. முதலில் விரல், அப்புறம் நகக்கண், அப்புறம் ரத்தம். வரிசை முக்கியம். வரிசையாகப் பார்த்தால் என்ன கிடைக்கும்? ரேனோ உள்ள 586 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. நகக்கண்ணும் கெட்டு, ஸ்க்ளெரோடெர்மாவுக்கே உரிய ஆன்டிபாடியும் இருந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. இரண்டும் இல்லாதவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு துல்லியமான ஜோசியம் எந்த ஜோசியரிடமும் கிடையாது.

ஒரு ராத்திரி உட்கார்ந்து சித்திக்குக் கணக்குப் போட்டேன். ஸ்க்ளெரோடெர்மாவை வகைப்படுத்த 2013இல் வந்த அளவுகோல் ஒன்று உண்டு. ஆய்வுகளுக்காக உருவாக்கியது, ஆனால் கணக்கு எளிது. 9 புள்ளி வந்தால் நோய். ரேனோவுக்கு 3. வீங்கிய விரல்களுக்கு 2. நகக்கண் மாற்றத்துக்கு 2. ஆன்டிபாடிக்கு 3. மொத்தம் 10. புண்ணுக்கு ஒரு புள்ளிகூட நான் சேர்க்கவில்லை. மோதிரம் கழலாத 2017லேயே, விரல் முழுசாக இருந்த காலத்திலேயே, யாராவது பார்த்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். கொடுக்க வேண்டிய முதல் மாத்திரை நிஃபெடிபின். குழாயை விரிக்கும், விலை குறைந்த பழைய மாத்திரை. எடுக்க வேண்டிய முதல் கை, ஐஸிலிருந்து.

சித்தி இப்போது இறால் கம்பெனிக்குப் போவதில்லை. மார்கழியில் கையுறையோடு தூங்குகிறார். பாத்திரம் கழுவ வெந்நீர். வருடத்துக்கு ஒரு முறை எக்கோ எடுக்கிறோம். இந்த வகையில் நுரையீரல் ரத்தக்குழாயும் மெல்லக் குறுகலாம், மாடிப்படியில் மூச்சு வாங்கினால் அதையும் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. அந்தக் கவிதைக் கூட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன், அடக்கிய கோபம்தான் விரலைத் தின்றது என்று ஒருத்தர் பேசினார் என்று.

“கோவத்த எங்கலே நான் அடக்குனேன்?” என்றார். “ஒங்க சித்தப்பாகிட்ட கேட்டுப்பாரு, இருந்தா சொல்லிருப்பாரு.”

பிறகு கையுறையைக் கழற்றி, மீதி ஒன்பது விரல்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். நடு விரல் நகத்தோரம் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம்.